ஆவுடை பிடித்திருந்த வீடு

சங்கரன்கோயிலுக்கும் தென்காசிக்கும் நடுவில், பேருந்துகள் நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு நிற்கிற பனையடிப்பட்டியில், தச்சன் ஊரணித் தெருவில், வெல்டிங் பட்டறை வேலாயுதத்தின் மனைவி ஆவுடை ஒரு சித்திரை மாதக் காலையில் மாடிச் சன்னலருகே வந்து நின்றாள். கீழே எதிர்வீட்டு வாசலில் கிடந்த அம்மியைப் பார்த்துக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சும்மா சேர்த்துப் பிடித்தாள். அம்மியைச் சுற்றி மஞ்சளாக ஒரு கோடு ஓடியது. அவள் கையை இடப்பக்கம் கொண்டுபோக, அம்மி தரைக்கு நாலு விரல் மேலே எழும்பி, குழவியையும் கூட்டிக்கொண்டு இடப்பக்கம் போயிற்று.

அவள் அப்போதுதான் தலையில் மாட்டுகிற அந்தப் பெரிய கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தாள். வீடு கட்டி விளையாடுகிற விளையாட்டு அது. கண்ணாடியை மாட்டினால் ஒரு பொட்டல்வெளி தெரியும். அங்கே சுவரும் தூணும் மரமும் ஓடும் குவிந்து கிடக்கும். எட்ட நின்றே விரலால் ஒன்றைச் சுட்டி, விரலைக் கூட்டிப் பிடித்தால் அது மஞ்சள் கோடு கட்டிக்கொண்டு 'என்னையா கூப்பிட்டாய்' என்று நிற்கும். கையோடு வரும், மணிக்கட்டைத் திருப்பினால் திரும்பும். வைக்க வேண்டிய இடத்தில் வைத்து ஒரு வார்த்தை சொன்னால் அங்கேயே தங்கிவிடும். வார்த்தையைச் சொல்லாமல் விரலைத் திறந்தாலோ, எடுத்த இடத்துக்கே திரும்பி ஓடிவிடும். ஆவுடை வீட்டில் இருந்தபடியே அந்த விளையாட்டில் பிறருக்கு வீடு கட்டிக் கொடுத்துச் சம்பாதித்தாள். அதற்கும் முன்னால், அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவளே அவள்தான்.

கம்பெனிக்காரர்கள் ஆங்கில வார்த்தைகளை முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் ஒவ்வொன்றாக அனுப்பினார்கள். கையில் இருப்பதை விடுவதற்கு ஒரு வார்த்தை வேண்டும் என்றார்கள். கை இருக்கிறது, விடுவதும் இருக்கிறது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்த அவசரத்தில் ஆவுடை 'கைவிடு' என்று போட்டாள். தமிழ் தெரியாத மேலாளர் மிக நன்றாக இருக்கிறது என்றார். விளையாடியவர்கள் கொஞ்ச நாள் சிரித்தார்கள், அப்புறம் அதுவே பழகிவிட்டது.

ஆகவே அன்று காலை, அந்தரத்தில் நின்ற அம்மியைத் துவைகல் ஓரமாகக் கொண்டுபோய் இறக்கி, வாய்ப்பழக்கத்தில் "கைவிடு" என்றாள். அம்மி தரையில் உட்கார்ந்தது.

தேங்காயும் மிளகாயுமாக வாசலுக்கு வந்த எதிர்வீட்டுச் சண்முகவடிவு, வெறும் தரையைப் பார்த்தாள், துவைகல்லைப் பார்த்தாள், நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள்.

"ஆடிக்காத்துல அம்மி பறக்கும்னுதான் சொல்லுவாவ. இது சித்திரையிலேயே பறக்கு. ஏட்டி ஆவுடை, நீயா?"

"நாந்தான் மயினி. எப்படின்னு தெரியல."

"எப்படியோ போவுது. வாசல்ல கெடந்து காலை இடிச்சுக்கிட்டே இருந்துது. அப்படியே அந்தக் குப்பத்தொட்டியையும் அங்கிட்டுத் தள்ளி வச்சிரு."

அதிசயத்துக்கு அந்தத் தெரு கொடுத்த வரவேற்பு அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் ஆளாளுக்கு ஒரு தேவையோடு மாடிக்குக் கீழே வந்து நின்றார்கள்; கல்யாணப் பந்தலுக்கு இடைஞ்சலாக நின்ற மின்கம்பம் கம்பிகள் அறுபடாமல் ஓரம் போயிற்று, படிவளைவில் வருஷக்கணக்காகச் சிக்கிக் கிடந்த கட்டில் சுவருக்குச் சிராய்ப்பில்லாமல் கீழே இறங்கியது, தெருமுனையில் செத்துப்போய் நின்ற லாரி அதற்குள் முளைத்திருந்த ஆமணக்கோடு ஊருக்கு வெளியே போயிற்று. எதை எடுக்கலாம், எதை எடுக்க முடியாது என்பது நாலு பேர் கூடி நின்று பார்த்ததில் தெளிவாயிற்று. தானாக நடக்கிற எதன்மீதும் மஞ்சள் கோடு விழாது; ஆடு, கோழி, மனிதன், பல்லி எதுவும் வராது; மரம் வரும், வேரோடு வரும். தெருப் பிள்ளையாரைக் கொஞ்சம் கிழக்கே தள்ளலாமா என்று ஒரு பேச்சு எழுந்து, தள்ளலாம் என்று ஒரு கட்சியும் தெய்வக்குற்றம் என்று ஒரு கட்சியும் கத்தித் தீர்த்தபிறகு, ஆவுடை செருப்பைக் கழற்றிவிட்டு விரலைச் சுட்டினாள். கோடு விழவில்லை. பிள்ளையார் தானாக நடக்கிறவர்தான் என்று தெரு மனநிறைவோடு கலைந்து போயிற்று.

வைகாசி முடிவதற்குள் ஆவுடையின் கை தெருவின் குழாயடியைப்போல ஆகிவிட்டது. முறை வைத்துக்கொண்டு வந்தார்கள், வரும்போது அரைத்த மாவோ அகத்திக்கீரையோ கொண்டுவந்தார்கள், முறை தப்பி வந்தவர்களை ஏசினார்கள். வேலாயுதத்துக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். பட்டறைக் கிரேனுக்கு என்று தன்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாம் இப்போது பெண்டாட்டியைக் கூப்பிடுகிறார்கள் என்று சாப்பிடும்போது சொல்லிச் சிரித்துக்கொள்வான்.

நெல்லையப்பனும் குமரேசனும் எல்லையில் நின்ற முருங்கைமரத்துக்காகத் தலைமுறையாக வெட்டுப்பழி குத்துப்பழி என்று இருந்தவர்கள். மரம் குமரேசனுடையதுதான் என்பது நெல்லையப்பனுக்கே தெரியும். ஆவுடை அதைக் குமரேசன் முற்றத்துக்குள் நகர்த்திக் கைவிட்டாள். அன்றோடு சண்டை நின்றது. அன்றோடு குமரேசன் காய் பறிப்பதையும் நிறுத்திவிட்டான். காய்கள் முற்றி வெடித்துத் தொங்க, அவன் சந்தையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு அந்த மரத்தடி வழியாகவே வீட்டுக்குள் போனான். சண்முகவடிவோ, தாய்வீட்டுச் சீதனமாக வந்த அம்மியைத் தாண்டித் தாண்டி நடந்துவிட்டு ஒருநாள் "இது யாரு அம்மிட்டி, இங்க கெடக்கு?" என்று கேட்டாள். எல்லோரும் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தார்கள்.

ஆவுடைக்கு விஷயம் புரிந்தது தையல் மிஷினால். கூடத்திலிருந்து சன்னலோரம் வெளிச்சத்துக்கு என்று அவள்தான் அதை விரல் கூட்டி நகர்த்திக் கைவிட்டிருந்தாள். பழைய இரும்புக்காரர் தெருவில் கூவிக்கொண்டு போனபோது, மாடியிலிருந்தே குரல் கொடுத்து, ஒரு மிஷின் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். வேலாயுதம் சோற்றுக் கையோடு எழுந்து வந்தான்.

"என்னத்தக் குடுக்கே நீ? அது ஒங்க அம்மை மிஷின்லா?"

"எங்க அம்மை மிஷினா?"

"ஒங்க அம்மை சாகுற வரைக்கும் அதுலதான தச்சா. பாவாடை தச்சு வித்துத்தான் உன்னயப் படிக்க வச்சான்னு நீதான என்ட்ட அழுதுக்கிட்டே சொன்ன?"

ஆவுடை மிஷினைப் பார்த்தாள். அம்மா நினைவில் இருந்தாள், பாவாடைகள் நினைவில் இருந்தன. அந்த மிஷினிடம் மட்டும் மனம் போகவே இல்லை. கடையில் விலைக்கு நிற்கிற சாமானைப் பார்ப்பதைப்போல இருந்தது. இவள் சொல்வது வெறும் விளையாட்டு வார்த்தை என்பது பொருள்களுக்குத் தெரியாது; தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ அதை அப்படியே கேட்டு நடந்துகொண்டன என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் எதைக் கைவிடு என்றாளோ அதை அதன் சொந்தக்காரர் கைவிட்டார். சொந்தமில்லாதவனுக்கு எதுவும் ஆகவில்லை, அதனால்தான் வேலாயுதத்துக்கு ஞாபகம் இருந்தது. இரும்புக்காரரை அனுப்பிவிட்டு, அவள் அடுப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். அழுகைகூட மிஷினுக்காக வரவில்லை, அம்மாவுக்குத் துரோகம் செய்துவிட்டோம் என்றுதான் வந்தது.

மறுநாளிலிருந்து யார் வந்து கேட்டாலும் விரலைக் கூட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தெரு முணுமுணுத்தது, மாவு வருவது நின்றது.

அந்தச் சமயத்தில்தான் ரோட்டை அகலப்படுத்த அளவெடுக்கிறவர்கள் வந்து, தெருவின் தலைவாசலில் இருந்த கண்டக்டர் வீட்டின் சுவரில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கண்டக்டர் என்றால் ஆறுமுகநயினார், ஆவுடையின் அப்பா. வேலையில் இருந்த காலத்தில் லீவு கிடைத்த நாளெல்லாம் தானே மண் சுமந்து, தானே கரண்டி பிடித்துக் கட்டிய வீடு. பெண்டாட்டி செத்தபிறகு மகன் செந்தூர்ப்பாண்டி ஷார்ஜாவுக்குக் கூப்பிட்டான், மகள் நாலு வீடு தள்ளி மாடிக்குக் கூப்பிட்டாள். அவர் இரண்டு இடத்துக்கும் போகவில்லை. சிவப்புக் கோடு முன்கூடத்தை விழுங்கி அடுப்படி வரைக்கும் போயிருந்தது. வீட்டுக்குப் பின்னால் அவருடைய மனையே காலியாகக் கிடந்தது.

அவர் மாடியேறி வந்து மகள் முன்னால் நின்றார்.

"பின்னால தள்ளி வச்சிரும்மா. வேற ஒண்ணும் கேக்கல."

"தள்ளிருவேன்ப்பா. வச்சிட்டுச் சொல்ல வேண்டிய வார்த்தைதான் மோசம். அதச் சொல்லிட்டா, ஒங்களுக்கு வீடு ஒங்க வீடுன்னு தெரியாது."

"வீடு நின்னாப் போதும்."

"வீடு நின்னு என்ன செய்ய, நீங்க அதுல நிக்க மாட்டியளே."

அவர் படியிறங்கிப் போனார்.

வேறு வார்த்தை கண்டுபிடிப்பது என்று தெரு முடிவுகட்டியது. கண்டக்டர் நல்ல மனிதர், பேருந்தில் சில்லறை இல்லாதவர்களையும் ஏற்றிக்கொண்டு வந்தவர். ஊரணிக்கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஆவுடையை விரல் கூட்டிப் பிடிக்கச் சொல்லி, சுற்றி நின்று ஆளுக்கு ஒரு வார்த்தை சொன்னார்கள். வை, இறக்கு, இருத்து, நிறுத்து, அமர்க, போதும், சரி, ரைட், ஸ்டாப் என்று எல்லாவற்றையும் அவள் திருப்பிச் சொல்ல, ஒவ்வொரு தடவையும் விரலைத் திறந்தவுடன் நாற்காலி பழைய இடத்துக்கே ஓடியது. தமிழ் வாத்தியார் ஒருவர் நிகண்டில் இருந்த சொற்களை எல்லாம் பாட்டாகவே சொன்னார், நாற்காலிக்கு இலக்கணம் பிடிபடவில்லை. சண்முகவடிவு அதனிடம் நேரிலேயே பேசிப் பார்த்தாள்: "ஏ அய்யா, கொஞ்சம் இரேன்." ஆவுடை கம்பெனிக்கும் போன் போட்டாள். அவர்கள் நல்லவர்கள், உடனே 'இறக்கி வை' என்று மாற்றிவிட்டார்கள். விளையாட்டில் மாறியது, தெருவில் மாறவில்லை. ஒரு தரம் சொன்ன சொல் சொன்னதுதான் என்று வாத்தியார் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனி கடைசியில், வெயில் ஏறுவதற்கு முன்பே, மண்ணள்ளும் இயந்திரம் தெருமுனையில் வந்து உறுமியது. ஆவுடை அப்பாவை வெளியே வரச் சொன்னாள். தானாக நடக்கிற எதையும் வீடு கூட்டிக்கொண்டு போகாது, உள்ளே இருந்தால் அவர் மட்டும் அந்தரத்தில் விழுந்துவிடுவார். பிறகு வலது கை விரலைக் கூட்டிப் பிடித்து, வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்தாள். முன்கூடத்தில் விழுந்த கோடு முற்றத்தில் விழுந்து, அடுப்படியில் விழுந்து, புகைபோக்கியில் மட்டும் விழாமல் நின்றது. திரும்பிப் போய் அதையும் சுட்டிச் சேர்த்தாள். கொடிக்கயிறு, கக்கூஸ் தொட்டி, வாசல் நடையில் மாட்டியிருந்த திருஷ்டிப் பூசணிக்காய் என்று ஒன்று விடாமல் பார்த்துப் பார்த்துச் சேர்த்தாள். வீடு முழுவதும் மஞ்சள் கட்டி நின்றது. அவள் கையைப் பின்னால் தள்ள, கண்டக்டர் வீடு ஒரு பெருமூச்சு விட்டு எழும்பி, தூசி உதிர்த்து, பின்மனைக்குப் போய் இறங்கியது. பழைய இடத்தில் ஏழெட்டுப் பல்லிகளும் ஒரு பூனையும் எதுவும் விளங்காமல் நின்றுகொண்டிருந்தன.

"சொல்லிரும்மா" என்றார் ஆறுமுகநயினார்.

அவள் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்த சொல்லை விழுங்கிவிட்டு, கூட்டிப் பிடித்த விரல் கூட்டிப் பிடித்தபடியே, கையை ஆட்டாமல் தன் மாடிவீட்டுக்கு நடந்தாள்.

அன்றிலிருந்து ஆவுடை அந்த வீட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். விரலைத் திறந்தால் வீடு பழைய இடத்துக்கு ஓடிவரும், அங்கே இப்போது ஜல்லி கொட்டியாயிற்று. இடது கையால் சோறு பொங்கக் கற்றாள், தலை பின்னிக்கொள்ள முடியாததால் சண்முகவடிவு வந்து பின்னிவிட்டாள், உறங்கும்போது திறந்துவிடாதபடி வேலாயுதம் இரண்டு விரலையும் சேலைக்கிழிசலால் கட்டிவிட்டான். கண்ணாடியை மாட்டி வேலை செய்ய முடியவில்லை. ஆடி பிறந்தது, தெரு பழைய முறை வரிசையை எடுத்து வைத்துக்கொண்டு, இந்தத் தடவை ஒன்றும் கேட்காமல் மாவும் கீரையும் கொண்டுவந்தது. அவள் தும்மினால் கண்டக்டர் வீட்டுப் பாத்திரங்கள் குலுங்கின. இருமினால் சன்னல் கதவு அடித்துக்கொண்டது. அதனால் தெருவில் யாரும் மிளகாய் வறுக்கவில்லை. புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒருத்தி காரணம் கேட்டபோது, "எங்க தெருவுல ஒரு வீடு கையில இருக்கு" என்றார்கள், ஏதோ மழைக்காலம் என்பதைப்போல.

ஆறுமுகநயினார் வீட்டுக்குள் படுத்திருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் புரண்டு படுத்தால் அவருடைய தரை லேசாகச் சாயும். அவளுக்குக் கை கடுக்கிறபோது சுவர்கள் மெல்ல நடுங்கும். முதலில் காற்று என்று சொல்லிக்கொண்டார், பிறகு சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஆடி அமாவாசைக்கு மாடிவீட்டில் அம்மாவுக்குப் படையல் போட்டபோது, வலது கையால் அவளுக்குப் பூக்கூட அள்ளிப் போட முடியவில்லை. விரல்கள் இரண்டும் நீலம் பாரித்து, ஒட்டிப்போய், மணிக்கட்டுக்கு மேலே கை சூம்பியிருந்ததை அன்றுதான் அவர் வெளிச்சத்தில் பார்த்தார்.

"விட்டுரும்மா."

"முடியாதுப்பா."

"வார்த்தையச் சொல்லி விட்டுரு."

"சொல்லிட்டா நீங்க அதுக்கு யாரோ ஆயிருவிய. நீங்க கட்டுனதுப்பா."

"நான் கட்டுனது இருக்கதுக்கு. நீ தூக்கிக்கிட்டு நிக்கதுக்கா?" என்றார். அவர் கோபமாகப் பேசி அவள் கேட்டதில்லை. "சோத்தப் பிசைய மாட்டாத கையோட நீ இருக்க, நான் அந்த வீட்டுக்குள்ள கால நீட்டிப் படுக்கணுமோ? எனக்கு வீடு மறந்தா மறக்கட்டும். உன்னய மறக்கச் சொல்லல அது."

பிறகு அவர் அவளுடைய கையை மடியில் வைத்து, கிழிசல் கட்டைத் தானே அவிழ்த்தார். அவள் கடைசியாக ஒரு தரம் பின்மனைப் பக்கம் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே அந்த வார்த்தையைச் சொன்னாள். விரல்கள் உடனே பிரியவில்லை, நல்லெண்ணெய் விட்டுத் தடவித்தான் பிரிக்க வேண்டியிருந்தது. வீடு அசையாமல் நின்றது. ஆறுமுகநயினார் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மாடிவீட்டின் உள்ளறைக்குள் போய், எப்போதும் அங்கேயே படுக்கிறவரைப்போலப் பாயை விரித்துப் படுத்தார்.

ஷார்ஜாவிலிருந்து செந்தூர்ப்பாண்டி பேசினான். வீடு தப்பித்துவிட்டது என்று ஆவுடை சொன்னதற்கு, "எந்த வீடுக்கா?" என்று கேட்டான். அவள் போனை வைத்துவிட்டு, தன் மறதிக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. அடுப்படியின் புகைக்கறை, அம்மா சாய்ந்து உட்கார்ந்த தூண், மழைபெய்தால் ஒழுகுகிற மூலை எல்லாம் நினைவில் அப்படி அப்படியே இருந்தன, ஒவ்வொன்றும் வலித்தது. சண்முகவடிவு தலை பின்னிக்கொண்டே காரணம் சொன்னாள்.

"ஒந்தம்பிக்குப் பாத்தியதை, அவனுக்கு மறந்துட்டு. கட்டிக்குடுத்த புள்ளைக்கு அதுல என்ன இருக்கு, மறக்கதுக்கு?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் கையை நீலமாக்கிக்கொண்டு பிடித்திருந்த வீடு தன்னை அதன் ஆளாகக் கணக்கில் எடுக்கவே இல்லை என்பது ஆவுடைக்கு மிஷினை மறந்ததைவிடக் கொடுமையாக இருந்தது. அந்தப் பக்கமே போகாமல் சுற்றுவழியாகக் கடைக்குப் போய்வந்தாள். கேட்பாரில்லாத வீட்டு முற்றத்தில் ஆடுகள் படுத்தன.

ஆவணியில் ஒருநாள் காலையில் ஆறுமுகநயினார் புது ரோட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தார். பின்மனை ஓரமாக வந்தபோது அவரே நின்றார். திறந்து கிடந்த வாசல் வழியாக முற்றத்தை எட்டிப் பார்த்தார். ஆட்டை விரட்டினார். சுவர்மேல் கையை வைத்துக் கொஞ்சதூரம் தடவிக்கொண்டே போனார்.

"யாரோ கொத்தனார் வைக்காமத் தானே கட்டியிருக்கான். பூச்சப் பாத்தாலே தெரியுது."

"ஆமப்பா."

"இங்க பாரேன், இந்தச் சுவரு நேரா வந்து, இந்த எடத்துல மட்டும் வளைஞ்சு ஒதுங்கிப் போவுது."

வளைவை அவள் சின்ன வயசிலிருந்தே பார்த்திருக்கிறாள். அப்பாவுக்கு நூல் பிடிக்கத் தெரியவில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

ஆறுமுகநயினார் குனிந்து, ஆட்டுப்புழுக்கையைக் காலால் ஒதுக்கினார். கீழே, காய்வதற்கு முன்னால் குச்சியால் கீறிய சிமெண்டில், பாண்டி விளையாடுகிற கட்டங்கள் இருந்தன. ஒரு கட்டத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு குதிகால் பதிந்திருந்தது.

"பாத்தியா. சுவரு நேராப் போயிருந்தா இந்தக் கடைசிக் கட்டம் வெட்டுப்பட்டிருக்கும். கட்டம்தான் முதல்ல. ஏதோ ஒரு பொட்டப்புள்ள ஆடிக்கிட்டு இருந்திருக்கு. அவன் அதக் கலைக்க மாட்டாம, அதச் சுத்தி வீட்டக் கட்டியிருக்கான்."

ஆவுடை சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் புள்ள இப்ப எங்க இருக்கோ" என்றார்.

"இந்தத் தெருவுலதாம்ப்பா இருக்கா."

"அப்ப வந்து தூத்துத் தொளிக்கச் சொல்லு. நல்ல வீடு, இப்படிப் போட்டு வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, அவர் ரோட்டைப் பார்க்க நடந்தார்.

ஆவுடை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.